வரிக்குதிரை உடுப்பும் அதுக்குள்ளை போடுற சாமானும்

போன கிழமை கனடாவிலை மார்க்கம் எண்ட ஊரிலை இருக்கிற தெரிஞ்ச தம்பி ஒருத்தர் போன் எடுத்தவர். ஐஸ் ஹொக்கி ரெஃப், அதுதான் நடுவர், அதுக்குப் பழக்கிற கிளினிக் முடிச்சிட்டாராம், லெவல் வண் பாஸாம், வாற மாசத்திலையிருந்து மட்ச் குடுப்பினமாம். "அண்ணை, என்ரையும் மகன்ரையுமா பழைய ஹொக்கி சாமான் ஒரு பாக் நிறைய கிடக்கு, அதையே போட்டுக்கொண்டு இறங்கலாம்தானே, மேலை அந்தக் கறுப்பு வெள்ளை வரிச் சேட்டை மட்டும் வாங்கினால் காணும்தானே" எண்டு கேட்டார். இல்லையெண்டு ஒரு சொல்லிலை சொல்ல வெளிக்கிட்டு முக்கால் மணித்தியாலம் கதைச்சிட்டன், மனுசி பின்னாலை நிண்டு "இஞ்சரப்பா, சோறு ஆறுது" எண்டு மூண்டு தரம் கூப்பிட்டுட்டா. அண்டைக்குச் சொன்னதையும் சொல்ல மறந்ததையும் சேர்த்து இதிலை எழுதி விடுறன், இனி ஆரும் கேட்டால் இதை அனுப்பிவிட்டுட்டு நான் சாப்பிடலாம்.

முதல் என்னைப் பற்றி. நான் பள்ளிக்கூடத்திலை கிரிக்கெட் விளையாடின ஆள், ஐஸ் எண்டால் எனக்கு ஊரிலை ஐஸ்பழமும் மீன்பெட்டியும்தான். ஸ்காபரோவிலை மகனை ஹவுஸ் லீக்கிலை, அதுதான் ஊர்ப் பிள்ளையள் விளையாடுற ஹொக்கி லீக்கிலை சேர்த்து, விடிய ஆறு மணிக்கு அரீனாவிலை குளிருக்கை கோப்பியோடை இருந்து இருந்து, சும்மா இருக்கிறதுக்கு நாங்களும் பழகுவமே எண்டு முப்பத்தேழு வயசிலை நாலு வயசுப் பிள்ளையளோடை சேர்ந்து ஐஸைச் சுத்தி இருக்கிற போர்ட்ஸ் பலகையைப் பிடிச்சுக்கொண்டு ஸ்கேற் பண்ணப் பழகினனான். விளையாட்டு பெருசா வரேல்லை. ஆனால் விசில் ஊதுறது பிடிச்சுப் போச்சு. இது ஆறாவது சீசன், யூ9, அதுதான் ஒன்பது வயசுக்குக் கீழை உள்ள பிள்ளையள், அதிலை தொடங்கி இப்ப யூ15 வரைக்கும் செய்யிறன்.

சரி, ஹொக்கியிலை பந்துக்குப் பதிலா அடிக்கிற பக் எண்ட சாமானை முதல் கையிலை எடுத்துப் பாருங்கோ. கறுத்த ரப்பர் வட்டு, 1 இஞ்சி தடிப்பு, 3 இஞ்சி அகலம், நிறை 156 இலையிருந்து 170 கிராம் வரை. கிரிக்கெட் பந்து எவ்வளவு? 156 இலையிருந்து 163. கிட்டத்தட்ட ஒண்டுதான். இதை நான் தெரிஞ்சுகொண்ட அண்டைக்குத்தான் எனக்கு விசயம் உறைச்சது, ஏனெண்டால் அந்த நிறையுள்ள பந்துக்கு முன்னாலை பாட் கட்டாமல் நிக்கிறவனை எங்கடை ஊரிலை விசரன் எண்டுதான் சொல்லுவினம். பெரிய ஆட்டங்களிலை துள்ளாமல் இருக்கவெண்டு பக்கை உறையவிட்டு எடுக்கிறவை, அது இன்னும் கல்லு மாதிரி. சின்னப் பிள்ளையளின்ரை நீலப் பக் 4 அவுன்ஸ்தான், அது பட்டால் பெரிசா ஒண்டுமில்லை, அதை நம்பி ஏமாறப் படாது.

அப்ப ஏன் விளையாடுறவையின்ரை சாமானையே போட ஏலாது? இதுதான் முழுக்கதையும். விளையாடுறவன் பக்குக்கு முன்னாலை நிக்கிறவன், அவன்ரை கவசம் எல்லாம் முன்பக்கம்தான் தடிப்பு, அவன் நாற்பது அம்பது செக்கனிலை போய் பெஞ்சிலை இருந்திடுவான், அவனுக்கு மேலை வந்து மோதுவினம் எண்டு தெரிஞ்சு செய்த சாமான். ரெஃப் பக்குக்குப் பக்கத்திலை நிக்கிறவன். போர்ட்ஸுக்கு முதுகைக் குடுத்துக்கொண்டு, பாதி நேரம் பின்னுக்கு ஸ்கேற் பண்ணிக்கொண்டு, விசில் ஊதத் தொடங்கினால் கடைசி வரைக்கும் பெஞ்ச் எண்ட பேச்சே இல்லை. எங்களை ஆரும் குறி வைச்சு அடிக்கிறேல்லை, அதாலைதான் எங்கையிருந்து வருமெண்டு தெரியாது. ஸ்டிக்கிலை பட்டுத் திரும்பி, கண்ணாடியிலை பட்டுத் திரும்பி, தொடையிலையும் கெண்டைச்சதையிலையும் இடுப்பெலும்பிலையும் வந்து விழும். முன்னுக்குத் தடிப்பான பாட் உதுக்கு என்ன செய்யும்?

என்ரை முதலாவது மட்ச் கதையைச் சொல்லுறன். செக்கண்ட்ஹாண்ட் கடையிலை விளையாடுறவையின்ரை ஷின் பாட், அதுதான் முழங்காலிலையும் அதுக்குக் கீழையும் கட்டுற பாட், ஒரு சோடி வாங்கினனான், நல்ல பெரிசு, காசும் குறைவு, பெரிய கெட்டிக்காரன் எண்டு நினைச்சன். அவையள் அந்தப் பாட்டுக்கு மேலை நீள ஹொக்கி சொக்ஸ் இழுத்து, அதுக்கு மேலை ரேப் சுத்துவினம், அதுதான் பாட்டை இடத்திலை பிடிச்சு வைச்சிருக்கிறது. ரெஃபுக்கு சொக்ஸும் இல்லை ரேப்பும் இல்லை, கறுத்த லோங்ஸ் மட்டும்தான். எனக்கு உது தெரியாது. லோங்ஸுக்குள்ளாலை ரெண்டு காலும் ஓப்பனிங் பட்ஸ்மன் மாதிரிப் புடைச்சுக்கொண்டு நிக்குது, மகன் கண்ணாடிக்கு அங்காலை நிண்டு சிரிக்கிறான். ரெண்டாவது பீரியட், அதுதான் ஆட்டத்தின்ரை ரெண்டாம் பகுதி, தொடங்கேக்கை இடது பாட் மெல்ல மெல்லச் சுத்திக் காலின்ரை உள்பக்கத்துக்குப் போட்டுது. குனிஞ்சு திருப்ப நேரமில்லை. ஒரு பொடியன் தன்ரை கோல் பக்கத்திலையிருந்து பக்கை வெளியிலை எடுக்கவெண்டு இழுத்து அடிச்சான், நான் ஒதுங்கினன், ஒதுங்கிற அவசரத்திலை கால் திரும்பிப் போச்சு, நேரா கெண்டைச்சதையிலை. சத்தம் ஈரத்துணியைக் கல்லிலை அடிச்ச மாதிரி. முதல் ஒரு செக்கன் ஒண்டும் தெரியேல்லை, பிறகு கால் கீழை முழுக்கச் சூடாகி, பிறகு ஆரோ சதையைப் பிடிச்சு முறுக்கிற மாதிரி. இதிலை பகிடி என்னெண்டால், பக் ரெஃபிலை பட்டால் ஆட்டம் நிக்காது, அதுதான் சட்டம். எங்களிலை பட்டு நேரா கோலுக்குள்ளை போனால் மட்டும்தான் கோல் இல்லை. ஆகவே நான் பல்லைக் கடிச்சுக்கொண்டு ஒத்தைக் காலிலை பின்னுக்குப் போறன், ஒரு அம்மா மேலையிருந்து "கண்ணைத் திற ரெஃப்" எண்டு இங்கிலிஷிலை கத்துறா. அந்தக் கண்டல் மூண்டு கிழமை இருந்தது, கறுப்பு, ஊதா, மஞ்சள் எண்டு நிறம் மாறி மாறி. மனுசி நல்லெண்ணெய் பூசிவிட்டவ, கூடவே பேச்சும்.

ஆகவே ஷின் பாட் வாங்கேக்கை ரெண்டு விசயம் பாருங்கோ. ஒண்டு, அகலம் குறைஞ்சதா, லோங்ஸுக்குள்ளை அடங்கிறதா இருக்கவேணும். ரெண்டு, தானே இறுக்கிப் பிடிக்கிற பட்டி, வெல்குறோ, மேலை ஒண்டு கீழை ஒண்டெண்டு ரெண்டாவது இருக்கவேணும். கெண்டைச்சதையைச் சுத்திப் பின்னாலையும் வாற மெல்லிய பாட் உள்ளது கிடைச்சால் யோசியாமல் எடுங்கோ. முழங்கால் சில்லு மூடுதா எண்டு நிண்டு பாக்கக் கூடாது, கடையிலை குந்தி எழும்பிப் பாருங்கோ, நாங்கள் அரைக் குந்திலைதானே முழு மட்சும் நிக்கிறது. கடைக்காரப் பொடியன் ஒரு மாதிரிப் பாப்பான், பாத்தால் பாக்கட்டும்.

லோங்ஸ் விசயம் கொஞ்சம் கதைக்கக் கிடக்கு. ரெஃபுக்கெண்டே உள்ளுக்குள்ளை இடுப்பு, தொடை, வால் எலும்பு எல்லாத்துக்கும் பாட் வைச்சுத் தைச்ச கறுத்த லோங்ஸ் இருக்கு, சிசிஎம் செய்யிறவை, ஃபோர்ஸ் எண்ட கொம்பனி செய்யிறவை. மற்ற வழி என்னெண்டால், பாட் வைச்ச இறுக்கமான கேர்டில் ஒண்டை உள்ளை போட்டு, மேலை சாதாரண ரெஃப் லோங்ஸ். நான் ரெண்டும் பாவிச்சுப் பாத்தனான். தைச்சு வாற லோங்ஸ் போட லேசு, ஒரு உடுப்போடை அலுவல் முடியும், யூ9, யூ11க்கு அது தாராளம். ஆனால் அது கொஞ்சம் லூஸா இருக்கிறபடியால் விழேக்கை பாட் ஒரு பக்கம், எலும்பு ஒரு பக்கம் எண்டு போறதுண்டு. கேர்டில் உடம்போடை ஒட்டி நிக்கும், விலகாது, ஆனால் வேர்வை சொல்லி வேலையில்லை, ஒரு நாளைக்கு மூண்டு மட்ச் செய்தால் மூண்டாவதுக்கு ஈரக் கேர்டிலைத் திருப்பி ஏத்துறது ஒரு தண்டனை. யூ15 மேல்மட்ட ஆட்டங்களிலை பொடிசெக்கிங், அதுதான் உடம்பாலை இடிச்சுத் தள்ளுறது, இருக்கு, அங்கை ஆக்கள் ஆறடிப் பொடியள், ரெண்டு பேர் மோதி என்ரை மேலை வந்து விழுந்தால் ஆர் பொறுப்பு. அதுக்கு நான் கேர்டில்தான். தொடங்கிறவை தைச்ச லோங்ஸோடை தொடங்குங்கோ, ஆனால் வால் எலும்புக்குப் பாட் இருக்கோ எண்டு கையை விட்டுத் தடவிப் பாத்து வாங்குங்கோ. பின்னுக்கு ஸ்கேற் பண்ணேக்கை விழுறது குண்டியடிச்சுத்தான், அதை அழகாச் சொல்ல எனக்கு வேறை வழி தெரியேல்லை.

நீளமும் பாருங்கோ. ஸ்கேற்ஸ் போட்டுக்கொண்டு அளவு பாக்கவேணும், சப்பாத்தோடை இல்லை. கீழ் விளிம்பு பிளேட்டுக்குக் கீழை போனால் தானே தன்ரை லோங்ஸை மிதிச்சு விழுற முதல் ரெஃப் நீங்களா இருக்க மாட்டியள், ஆனால் ஒரு ஆளா இருப்பியள்.

முழங்கைப் பாட். கனபேர் கடைசியா வாங்கிறது உதைத்தான், நான் முதல் வாங்கச் சொல்லுவன். பெரிய பிளாஸ்ரிக் மூடி வைச்சது வேண்டாம், வரிச் சேட்டுக் கை ஒடுக்கம், கையை மேலை தூக்கிப் பெனல்ற்றி காட்டேக்கை பாட் சேட்டோடை சிக்கி அரைவாசியிலை நிக்கும். மென்மையான, நீளம் குறைஞ்ச, முழங்கை முனையை மட்டும் நல்லா மூடுறது காணும். தோள் பாட் நான் போடுறேல்லை, எங்கடை மட்டத்திலை கனபேர் போடுறேல்லை. சிலர் நெஞ்சுக்கும் தோளுக்கும் மெல்லிய பாட் வைச்ச உள்சேட் போடுவினம், வயசு போன எலும்புக்கு அது பிழையில்லை.

கவட்டுக்குக் காவலாப் போடுற கப் எண்ட சாமானைப் பற்றிக் கிரிக்கெட் விளையாடின ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெண் ரெஃப்மாருக்கும் அவைக்கெண்டு செய்தது கடையிலை இருக்கு. அடுத்தது.

ஹெல்மெற். நாட்டிலை ஹொக்கியை நடத்திற ஹொக்கி கனடாவின்ரை சட்டப்படி கறுப்பு ஹெல்மெற், கண்ணை மூடுற அரை வைசர் கண்ணாடி, ரெண்டிலையும் சிஎஸ்ஏ எண்ட கனடாத் தரமுத்திரை இருக்கவேணும். மகன்ரை நீல ஹெல்மெற்றுக்குக் கறுப்புப் பெயின்ற் அடிக்கலாமோ எண்டு அந்தத் தம்பி கேட்டார், வேண்டாம் ராசா. மற்றச் சாமான் சிலதைப் பழசா வாங்கலாம், ஹெல்மெற்றைப் புதுசாத்தான் வாங்குங்கோ, அது எத்தினை தரம் எங்கை இடிபட்டதெண்டு அதின்ரை முகத்திலை எழுதியிருக்காது. போட்டு, நாடிப்பட்டியைக் கட்டாமல் தலையை ஆட்டிப் பாருங்கோ, ஹெல்மெற் தனியா ஆடினால் சைஸ் பெரிசு. காசுக்கு விளையாடுற பெரிய லீக்கான என்எச்எல்லிலை கெரி ஃபிரேசர் எண்டு ஒரு ரெஃப் இருந்தவர், தலைமயிர் ஒரு இழை கலையாமல் ஸ்பிரே அடிச்சு வாரிக்கொண்டு ஐஸிலை நிப்பார், அந்தத் தலைக்கே தனி ரசிகர். 2006-07 சீசனோடை எல்லா ரெஃபும் ஹெல்மெற் போடவேணும் எண்டு வந்து அந்தத் தலையும் மூடுப்பட்டுது. அவ்வளவு பிந்தித்தான் அவைக்கே கட்டாயமானது எண்டது எனக்கு இண்டைக்கும் ஆச்சரியம்.

வைசர் வாங்கேக்கை விலையைப் பாக்கிறதை விட, வாங்கின பிறகு அதை என்ன செய்யிறியள் எண்டதுதான் விசயம். எல்லாரும் செய்யிற பிழை, மூச்சு ஆவி படிஞ்சவுடனை வரிச் சேட்டின்ரை கையாலை துடைக்கிறது. உலர்ந்த துணியாலை துடைச்சுத் துடைச்சு ரெண்டு மாசத்திலை சின்னச் சின்னக் கீறல் விழுந்து, அரீனா லைற்றுக்கு அது முழுக்க மினுங்கும், பக் தெரியாது, ஓஃப்சைட் தெரியாது, பிறகு கோச்மார் சொல்லுறது உண்மையாகிப் போகும். இளஞ்சூட்டுத் தண்ணியும் ஒரு சொட்டுக் கோப்பை கழுவுற சோப்பும், மெல்லிய துணியாலை ஒத்தி எடுக்கிறது, அவ்வளவுதான். உயரத்தையும் பாருங்கோ, விசிலைக் கையோடை வாய்க்குக் கொண்டுபோகேக்கை வைசரிலை இடிக்கக்கூடாது. நான் ஒருக்கா கோல் ஒண்டுக்கு விசிலை வைசரிலை டக்கெண்டு அடிச்சனான், சத்தம் வந்தது, ஆனால் விசில் சத்தமில்லை.

விசில் எண்டவுடனை, உது கழுத்திலை தொங்கவிடுற சாமான் இல்லை. ரெண்டு விரலிலை மோதிரம் மாதிரி மாட்டுற பிடியோடை வரும். கழுத்துக் கயிறு எங்கையும் சிக்கும், வாயிலையே கடிச்சுக்கொண்டு ஓடினால் விழேக்கை பல் போகும். உள்ளுக்குள்ளை குண்டுமணி உருளுற பழைய விசில் குளிருக்கையும் எச்சிலுக்கையும் இறுகி அவசரத்துக்கு ஊதாது. ஃபொக்ஸ் 40 எண்டு குண்டுமணி இல்லாத விசில், அதைக் கண்டுபிடிச்சவர் ரொன் ஃபொக்ஸ்குறொஃப்ற், இஞ்சை பக்கத்திலை ஹமில்ரன்காரர், அவரே ஒரு பாஸ்கற்போல் ரெஃப். 1987 பான் அமெரிக்கன் விளையாட்டிலை அதை ஊதத் தொடங்கினவை. ரெண்டு வாங்குங்கோ. ஒண்டு பொக்கெற்றிலை.

இனி வெட்டுக்காயம். இதைப் பகிடியா எழுத வரேல்லை. 2023 ஒக்ரோபர் 28, இங்கிலாந்து ஷெஃபீல்டிலை, நொற்றிங்கம் பாந்தேர்ஸ் ஆட்டக்காரன் அடம் ஜோன்சன் கழுத்திலை ஸ்கேற் பிளேட் பட்டுச் செத்துப் போனவர், 29 வயசு. அடுத்த கிழமை எங்கடை அரீனாவிலை தாய்மார் பிள்ளையளின்ரை கழுத்துப் பட்டியைத் திருப்பித் திருப்பி இழுத்துப் பாத்ததை நான் கண்டனான். பிள்ளையளுக்குக் கனடாவிலை அது கனகாலமாக் கட்டாயம், ரெஃப்மாரிலை கனபேர் வெறுங்கழுத்தோடை நிண்டவை, நானும் அதிலை ஒராள். அண்டையிலையிருந்து போடுறன். முதல் ரெண்டு மட்ச் கழுத்தைப் பிடிச்சு நெரிக்கிற மாதிரி, பிறகு மறந்திடும். கழுத்தோடை சேர்த்துத் தைச்ச உள்சேட் வாங்கினால் பட்டி தனியாச் சுத்துற கரைச்சல் இல்லை.

அதே மாதிரிக் காலுக்கும். 2013 இலை ஒட்டாவா செனற்றர்ஸ் எரிக் கார்ல்சனுக்குக் குதிக்காலுக்கு மேலை இருக்கிற தசைநாரை ஒரு பிளேட் வெட்டினது, சின்னதாப் பட்டதுதான், ஆள் படுத்திட்டார். நாங்கள் அடிபாடு விலக்கேக்கை எத்தினை பிளேட் எங்கடை காலைச் சுத்தி நிக்குது எண்டு யோசிச்சுப் பாருங்கோ. வெட்டுத் தாங்கிற நூல் கலந்த சொக்ஸ் இருக்கு, விலை கொஞ்சம் கூடத்தான், ரெண்டு சோடி வாங்கி மாறி மாறிப் போடுறன். மணிக்கட்டுக்கும் அதே துணியிலை பட்டி வருகுது. ரெஃப்மார் கனபேர் கையுறை போடுறேல்லை, விசில் கையெண்டபடியால், அதாலை மணிக்கட்டு வெளியிலை கிடக்கும்.

ஸ்கேற்ஸ் எது வசதியோ அதைப் போடுங்கோ, கறுப்பா இருக்கட்டும், வெள்ளை லேஸ் சுத்தமா இருக்கட்டும். சப்பாத்துச் சைஸை விட ஒண்டு, ஒண்டரை குறைச்சுத்தான் வரும், கடையிலை சூடாக்கிக் காலுக்கு ஏத்த மாதிரி வளைச்சுத் தருவினம், அதைக் கேட்டு வாங்குங்கோ. தீட்டுறதிலைதான் வித்தியாசம். பிளேட்டின்ரை அடியிலை நடுவிலை ஒரு குழிவு விட்டுத்தான் தீட்டுறது. விளையாடுற பொடியள் கனபேர் அரை இஞ்சி வளைவிலை தீட்டுவினம், அது குழி கூட, ஐஸை நல்லாக் கடிக்கும், சட்டெண்டு திரும்பலாம், சட்டெண்டு நிக்கலாம், ஆனால் முழு மட்சும் உருளவேண்டிய எங்களுக்கு அது காலைத் தின்னும். நான் 5/8 இஞ்சி, குழி குறைவு, கால் அப்பிடியே வழுக்கிக்கொண்டு போகும், மட்ச் முடிய முழங்கால் நோவு பாதி. மாத்தின முதல் நாள் மட்டும் மெதுவாப் போங்கோ, நிக்கவெண்டு நினைச்ச இடத்திலை நிக்க மாட்டியள்.

அந்த வரிச் சேட் கதை. முந்தி என்எச்எல்லிலை ரெஃப்மாருக்கு ஒறேஞ் நிறச் சுவெற்றர் இருந்தது, கறுப்பு வெள்ளை ரிவியிலை அது விளையாடுறவையின்ரை உடுப்போடை கலந்து போகும். 1955 இலைதான் இந்தக் கறுப்பு வெள்ளை நெடுங்கோடு வந்தது. அதிலையிருந்து நாங்கள் வரிக்குதிரை. சைஸ் எடுக்கேக்கை முழங்கைப் பாட்டும் கழுத்துப் பட்டியும் போட்டுக்கொண்டுதான் போட்டுப் பாக்கவேணும், லோங்ஸுக்குள்ளை விடுற அளவுக்கு நீளமும் வேணும், இல்லையெண்டால் கையைத் தூக்கிற ஒவ்வொரு தரமும் வயிறு வெளியிலை வரும், அதை மேலையிருந்து படம் எடுக்கிறதுக்கெண்டே ஒரு மாமா இருப்பார். குளிர்ந்த தண்ணியிலை தனியாத் தோயுங்கோ. ஒருக்கா நான் எல்லாத்தோடையும் போட்டு வெள்ளைக் கோடெல்லாம் சாம்பலாப் போச்சு.

தோய்க்கிறதை விட முக்கியம் காயவிடுறது. பாக்கைக் காரின்ரை பின் டிக்கியிலை ஒரு நாள் வைச்சிட்டு அடுத்த நாள் திறந்து பாருங்கோ, கருவாட்டுக் கடை தோத்துப் போகும். வீட்டுக்கு வந்தவுடனை எல்லாத்தையும் வெளியிலை எடுத்து பேஸ்மென்றிலை கொடி கட்டிக் காயப்போடுறன், ஒரு சின்ன ஃபான் முழு இரவும் சுத்தும். ஹெல்மெற் ஆணியளையும் அப்பவே பாத்து இறுக்கிவிடுவன்.

எவ்வளவு முடியும் எண்டு தம்பி கேட்டவர். எல்லாம் ஒரே நாளிலை புதுசா எடுத்தால் முதல் மாசம் ஊதுற காசு முழுக்க அதுக்குத்தான் போகும். ஹெல்மெற், வைசர், கழுத்துப் பட்டி புதுசு, சொந்தக் கப் இல்லாட்டி அதுவும் புதுசு. ஷின் பாட், முழங்கை, ஸ்கேற்ஸ் பழசிலை தேடலாம், சீசன் முடிய சித்திரை வைகாசியிலை கடையளிலை மலிவு. நீங்கள் கையிலை வைச்சிருக்கிற விளையாட்டுச் சாமானிலை எனக்குத் தெரிஞ்சு அப்பிடியே பாவிக்கலாம் எண்டது கப்பும் ஸ்கேற்ஸும்தான்.

இப்ப என்ரை மூத்தவனுக்குப் பதினைஞ்சு, அவனும் கிளினிக் செய்திட்டான். பதினெட்டுக்குக் கீழை எண்டபடியால் பச்சைக் கைப்பட்டி கட்டித்தான் ஊதவேணும், பாக்கிற தாய் தேப்பனுக்கு இது பிள்ளை எண்டு விளங்கட்டும், கத்தாதேங்கோ எண்டு. என்ரை பழைய ஷின் பாட்டை எடுத்துக் குடுத்தன், மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனான், ஒண்டும் பேசாமல் திருப்பி மேசையிலை வைச்சான். சனிக்கிழமை கடைக்குப் போறம். வரிச் சேட் கடைசியா எடுப்பம், உள்ளுக்குப் போடுறது எல்லாம் முதல் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன், அவன் ஏற்கனவே போனிலை சேட்டைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறான்.